கருவாடும் 2012 ஷாம்பேனும்: ராயபுரம் சமையலறைக் குறிப்புகள்

ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து எடுத்த நல்ல ஷாம்பேனுக்கு எந்தச் சாப்பாடு பொருந்தும் என்று கேட்டால் பச்சைச் சிப்பி, மீன் முட்டை, பாலாடைக்கட்டி என்ற மூன்றையே எல்லோரும் சொல்கிறார்கள். அவை பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் குடியிருப்பவனுக்கு அந்தப் பட்டியல் எதற்கு? இங்கே விடியற்காலையில் கூடை கூடையாக இறங்கும் கடல் உணவில் பாதிக்கு மேல் அந்த ஒயினுக்காகவே பிறந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். சமைக்கும் விதத்தைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டும்.

அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சரக்குக் கப்பலில் பொறியாளர். விடுமுறைக்கு வந்தபோது சுங்கத்தில் அனுமதிக்கும் இரண்டு லிட்டர் அளவுக்குள் போல் ரோஜே 2012 ஷாம்பேன் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். ஒன்றை நம் வட சென்னைச் சமையலோடு முறையாகச் சோதித்துப் பார்ப்பது, இன்னொன்றை அந்த அனுபவத்தை வைத்துப் பிறகு திறப்பது என்று பேசி முடித்தோம். அந்தச் சோதனையின் பதிவுதான் இது.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பொருத்தம் பார்ப்பதற்கு அது தெரிந்தாக வேண்டும். ஷாம்பேன் பிரான்சின் வடகிழக்கில் உள்ள ஒரு வட்டாரம். சுண்ணாம்பு மண், குளிர்ந்த காற்று. திராட்சை முழுதாக இனிப்பேறுவதற்குள் பருவம் முடிந்துவிடுவதால் புளிப்பு கூர்மையாகவே நிற்கும். பொதுவாகப் பல ஆண்டுகளின் ஒயின்களைக் கலந்துதான் அங்கே தயாரிக்கிறார்கள். நல்ல விளைச்சல் வாய்த்த ஆண்டில் மட்டும் அந்த ஒரே ஆண்டின் திராட்சையைத் தனியாக எடுத்து, ஆண்டைச் சீட்டில் அச்சிடுகிறார்கள். 2012 அங்கே உழவர்களைப் பாடாய்ப்படுத்திய ஆண்டு. வசந்தத்தில் உறைபனி, பிறகு ஆலங்கட்டி மழை, ஈரத்தால் பூஞ்சை. ஆகஸ்டில் வெயில் வந்து காப்பாற்றியது. விளைச்சல் குறைந்தது, எஞ்சிய திராட்சையில் சாறு அடர்ந்திருந்தது.

1849இல் தொடங்கி, இப்போது எப்பர்னே நகரில் இருக்கும் போல் ரோஜே நிறுவனம் இந்த வகைக்கு 60 விழுக்காடு பினோ நுவார், 40 விழுக்காடு ஷார்டொனே சேர்க்கிறது. முன்னது கருந்திராட்சை, உடம்பையும் பழச்சுவையையும் கொடுக்கும். பின்னது வெண்திராட்சை, எலுமிச்சைத் தன்மையையும் நீளத்தையும் கொடுக்கும். இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. அப்போது பிறக்கும் கரியமில வாயு வெளியேற வழியின்றி ஒயினில் கரைந்து நிற்கிறது. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படிகிறது. என்னைக் கேட்டால் ஆண்டுக் குறியிட்ட ஷாம்பேனின் உயிர் அந்த வண்டல்தான். பாட்டிலில் அடைத்ததிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதாள அறையில் கிடந்த பிறகே இதை விற்கலாம் என்பது சட்டம். நல்ல நிறுவனங்கள் அதற்கும் மேல் பல ஆண்டுகள் வைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் செத்த ஈஸ்ட் மெல்லச் சிதைந்து, சுட்ட ரொட்டி, வறுத்த பாதாம், வெண்ணெய் வாசனைகளையும் நாக்கில் நிற்கும் ஒரு கனத்தையும் ஒயினுக்குக் கொடுக்கிறது. அந்தக் கனத்தில், உமாமி என்ற இறைச்சிச் சாறு போன்ற சுவையைத் தரும் குளுட்டமேட்டும் உண்டு. கருவாட்டுக்கும் ஷாம்பேனுக்கும் உள்ள உறவு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இனி நம் ஊர்ப் பிரச்சினை: வெப்பம். இந்த ஒயினை வைக்க வேண்டியது 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும் இருட்டறையில். ராயபுரத்தில் அப்படி ஓர் அறை யாரிடம் இருக்கிறது? குளிர்சாதனப் பெட்டியின் அடியில், காய்கறித் தட்டில், செய்தித்தாளில் சுற்றி வைத்தோம். சில மாதங்களுக்கு இது போதும். ஆண்டுக்கணக்கில் சேமிக்க இது இடமல்ல. சோதனையைத் தை மாதத்துக்குத் தள்ளினோம். மாலையில் கடற்காற்று குளிர்ந்து வீசும் காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தின் தொல்லையும் கிடையாது.

விலை உயர்ந்த பாட்டிலை எடுத்த எடுப்பில் திறக்க எனக்கு மனம் வரவில்லை. நாசிக்கில் ஷாம்பேன் முறையிலேயே, பாட்டிலுக்குள் நொதிக்கவைத்து, சுலா, ஷாண்டோன் நிறுவனங்கள் நுரை ஒயின் தயாரிக்கின்றன. ஒத்திகை எல்லாம் அவற்றோடுதான். அவை இளமையானவை, வண்டலின் ஆழம் அவற்றில் குறைவு. ஆனால் புளிப்பும் நுரையும் மிளகாயோடு எப்படி மோதுகின்றன என்று அறிய அவை தாராளமாகப் போதும். யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

ஒத்திகையில் முதலில் வெளியேறியது இறால் தொக்கு. எங்கள் வீட்டில் அது தக்காளி வதங்கி, மிளகாய்த்தூள் எண்ணெயில் மிதக்கும் பக்குவம். சோற்றோடு அதற்கு ஈடு கிடையாது. நுரை ஒயினோடு வாய் எரிந்தது, ஒயின் வெறும் சோடாவாகிப் போனது. காரணம் தெளிவானது. மிளகாயின் கேப்சைசின், வாயில் சூட்டை உணரும் ஏற்பிகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே ஏற்பிகளைத் தூண்டும். கரியமில வாயு எச்சிலில் கரைந்து கார்போனிக் அமிலமாகித் தன் பங்குக்குச் சுருக்கென்று குத்துகிறது. மூன்றும் ஒரே இடத்தில் விழும்போது நுட்பமான வாசனைக்கு இடமே இல்லை. மிளகின் பைபரினும் அந்த ஏற்பிகளைத் தொடும், ஆனால் அதன் வலிமை குறைவு, சீக்கிரம் தணியும். எனவே எங்கள் முதல் விதி: மிளகாய் போகட்டும், மிளகு இருக்கட்டும்.

இரண்டாவது விதி எனக்கே வியப்பைத் தந்தது. புளி. புளிப்பான ஒயினோடு புளிப்பான குழம்பு ஆகாது என்றுதான் மாமா நினைத்தார். நேர்மாறாக நடந்தது. திராட்சையின் முதன்மை அமிலம் டார்டாரிக் அமிலம். புளியம்பழத்தின் புளிப்புக்கும் அதே டார்டாரிக் அமிலம்தான் காரணம். எலுமிச்சையும் தக்காளியும் சிட்ரிக் அமிலக்காரர்கள். புளி மட்டும் திராட்சையின் சொந்தம். புளிக்குழம்பில் நாக்கு பழகிய பிறகு குடித்தால் ஒயினின் கூர்மை தணிந்து பழச்சுவை மேலே வருகிறது. எங்கள் மீன் குழம்பைப் புளி, பூண்டு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் அப்படியே வைத்து, மிளகாய்த்தூளை நிறத்துக்கு ஒரு சிட்டிகை மட்டும் போட்டு, மல்லித்தூளையும் மிளகையும் கூட்டிச் செய்து பார்த்தோம். வெந்தயத்தையும் விடவில்லை. வெந்தயத்துக்கு அந்த வாசனையைத் தரும் சோட்டலோன் என்ற சேர்மம், பிரான்சின் ஜூரா வட்டாரத்து மஞ்சள் ஒயினிலும் மணக்கும். வெந்தயம் தாளித்த குழம்பு முதிர்ந்த ஒயினுக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

இனிப்பு பற்றி ஒரு வரி போதும். பிரூட் என்ற இனிப்புக் குறைந்த ஷாம்பேன் வகையில் லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை. சௌகார்பேட்டை ஜிலேபிக்குப் பக்கத்தில் அதை வைத்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

அன்றைக்கு விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போனோம். பெரிய கூறுகள் ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. சில்லறைக்குக் கூறு போட்டு விற்கும் அக்காவிடம் நெத்திலி, கடம்பா (கணவாய்), நீலக்கால் நண்டு வாங்கினோம். நண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தால்தான் சதை இருக்கிறது என்று அர்த்தம். கடம்பாவுக்கு அக்கா கூடவே ஒரு பக்குவமும் சொல்லி அனுப்பினார்: “சட்டி நல்லா காயணும் தம்பி. போட்டு, சுருண்டதும் இறக்கிடு. விட்டா ரப்பர்தான்.” கருவாடு வீட்டிலேயே இருந்தது, வஞ்சிரம், அம்மா மொட்டைமாடியில் மறுபடி வெயில் காட்டி வைத்தது.

பிரெஞ்சுக்காரர்களின் பச்சைச் சிப்பியை நாங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. எண்ணூர் கழிமுகம் ஒரு காலத்தில் மட்டியும் சிப்பியும் இறாலும் விளைந்த இடம். அனல்மின் நிலையங்களின் சாம்பல் அதை மேடாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து அலையாத்தி வேர்களில் அப்பியது. தண்ணீரை வடிகட்டியே உயிர் வாழும் ஓர் உயிரை அங்கிருந்து எடுத்துப் பச்சையாகச் சாப்பிட முடியாது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தத் தண்ணீர் சுத்தமாக இருந்திருந்தால் இந்தப் பதிவின் முதல் தட்டு எண்ணூர்ச் சிப்பியாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் மீனுக்காக உடைத்துக்கொண்டிருந்த ஐஸ் பாளத்திலிருந்து ஒரு பை வாங்கினோம். அது வாயில் போடும் ஐஸ் அல்ல, பாட்டிலின் வெளிப்புறத்துக்கு மட்டும். மீன் வாசனை ஒட்டாமல் இருக்கப் பாட்டிலைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, கழுத்தில் கட்டினோம். வாளியில் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று குளிர் மெதுவாக ஏறும். தண்ணீரும் ஐஸும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். ஒரு கை கல்லுப்பு சேர்த்தால் இன்னும் வேகம். குல்ஃபி வண்டிக்காரர் செய்வதும் இதுதான்.

எவ்வளவு குளிர் தேவை? குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் இந்த ஒயினின் வாசனை முழுவதும் அடங்கிக் கிடக்கும். வண்டலோடு கழித்த ஆண்டுகள் அத்தனையும் வீண். சாதாரண ஷாம்பேனுக்கு 8 முதல் 10, ஆண்டுக் குறியிட்டதற்கு 10 முதல் 12 டிகிரி சரி. ஆனால் நம் வீட்டுக் காற்றில் கோப்பை விறுவிறுவென்று சூடேறும். ஆகவே 8 டிகிரிக்கு இறக்கி, ஒரு முறைக்கு 60 மில்லிக்கு மேல் ஊற்றாமல், பாட்டிலை வாளிக்கே திருப்பினோம். சமையலறை வெப்பமானியை முதல் கோப்பையில் வைத்துப் பார்த்தோம். குறைவாக ஊற்றுவது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். சென்னையில் இந்த ஒயினுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அதுதான்.

கோப்பை விஷயத்திலும் பிடிவாதமாக இருந்தேன். குறுகி உயர்ந்த கோப்பையில் நுரை அழகாக ஏறும், மூக்குக்கு எதுவும் எட்டாது. வயிறு அகன்று வாய் குவிந்த கோப்பையே வேண்டும். பாத்திர சோப்பின் படலம் நுரையைக் கொன்றுவிடும் என்பதால் வெந்நீரில் மட்டும் அலசி, பருத்தித் துணியால் துடைத்தோம். துணியிலிருந்து ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத இழைகளால் நன்மையே. குமிழிகள் கண்ணாடியிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. அந்த இழைகளுக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான் பிறக்கின்றன என்று ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

திறப்பதை மாமா ஏற்றார். பாட்டிலுக்குள் ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தம். கார் டயரில் உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். சூடான பாட்டிலில் அது இன்னும் ஏறும், தக்கை பாய்ந்து கண்ணைப் பதம் பார்க்கலாம். தாளை உரித்து, கட்டைவிரலைத் தக்கையின் தலையிலிருந்து எடுக்காமலே கம்பிக் கூட்டை ஆறு அரைச்சுற்று தளர்த்தினார். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, தக்கையை அசையாமல் வைத்து, பாட்டிலைத்தான் திருகினார். பெருமூச்சளவு ஓசைதான் வந்தது. ஒரு துளி சிந்தவில்லை. விளையாட்டு வீரர்கள் மேடையில் குலுக்கிப் பீச்சுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

முதல் வாய் எதையும் தொட்டுக்கொள்ளாமல் குடித்தோம். வெளிர் பொன் நிறம். முதலில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள். சில நிமிடங்கள் கழித்துச் சுட்ட ரொட்டி, வறுத்த பாதாம், அடியில் கொஞ்சம் தேன். வாயில் நுரை பொடியாக, மென்மையாக விரிந்தது. இளம் நுரை ஒயினின் முரட்டுத்தனம் இல்லை. விழுங்கிய பிறகும் புளிப்பும் ஏதோ ஒரு சுண்ணாம்புத் தன்மையும் நெடுநேரம் நின்றன.

பிறகு நெத்திலி வறுவல். அரிசி மாவு, மஞ்சள், உப்பு, பொடித்த மிளகு, கடலை எண்ணெய். முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்தது. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு எளிதான பொருத்தம். உப்பு ஒயினின் பழச்சுவையைத் தூக்கியது. புளிப்பும் நுரையும் எண்ணெயை நாக்கிலிருந்து துடைத்தன. அடுத்த நெத்திலிக்குக் கை தானாகப் போனது.

கடம்பாவை வெண்ணெயில் பூண்டும் மிளகும் போட்டு, மீன்கார அக்கா சொன்னபடி சுருண்டதும் இறக்கினேன். நன்றாக இருந்தது. ஆனால் நண்டுக்கு முன் அது நிற்கவில்லை. நண்டை உப்பு மட்டும் போட்டு ஆவியில் வேகவைத்து, உருக்கிய நெய்யை ஒரு கிண்ணத்தில் வைத்தோம். நண்டின் இயல்பான இனிப்பு, நெய்யின் வாசனை, ஒயினின் பாதாம் வாசனை மூன்றும் ஒன்றை ஒன்று மறைக்காமல் நின்றன. ஷார்டொனேயின் பங்கு தனியாகத் தெரிந்தது இந்தத் தட்டில்தான். மசாலாவில் புரட்டாத நண்டா என்று முகம் சுளித்த என் அக்கா, கடைசி ஓட்டை உறிஞ்சும்வரை பேசவில்லை.

மீன் குழம்பை இட்லியோடு வைத்தோம். ஒத்திகையில் கண்டது இங்கே இரட்டிப்பானது. பினோ நுவாரின் பழச்சுவை, அதுவரை ஒளிந்திருந்தது, புளிக்குப் பின்னால் விரிந்தது. சோற்றைவிட இட்லி பொருத்தம். அதன் மாவும் நொதித்ததுதானே.

அத்தோவையும் விட மனமில்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வட சென்னைக்குத் தந்த சாப்பாடு அது. கடற்கரை இரண்டாம் வரிசைச் சாலைக் கடைகளில் மாலையில் கூட்டம் நெரியும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கிய பேஜோ என்ற பொரித்த நொறுக்கு. மிளகாய்த் தூளைப் போடாமல் கட்டிவாங்கி, வீட்டில் உலர்ந்த இறால் பொடி தூவினோம். புளித்தண்ணீரும் பொரித்த பூண்டும் ஒயினோடு உடனே ஒட்டிக்கொண்டன. பேஜோவின் மொறுமொறுப்புக்கு நுரை பதில் சொன்னது. நாள்பட்ட ஷாம்பேனுக்குச் சென்னைத் தெருவில் ஒரு துணை தேடச் சொன்னால் நான் அத்தோவைத்தான் காட்டுவேன்.

ஆனாலும் அன்றைய முதலிடம் வஞ்சிரக் கருவாட்டுக்கு. உப்பு இறங்கத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய துண்டுகளாக நல்லெண்ணெயில் பொரித்தேன். கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஷாம்பேனும் சிப்பியும் ஏன் பொருந்துகின்றன என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். செத்த ஈஸ்ட் விட்டுச்சென்ற குளுட்டமேட்டும் சிப்பியில் உள்ள நியூக்ளியோடைடுகள் என்ற சேர்மங்களும் சேரும்போது உமாமிச் சுவை பெருகுகிறது என்பது அவர்கள் கண்டது. மீனில் இருக்கும் இனோசினேட்டும் அதே குடும்பம். அப்படியானால் கருவாடு சும்மா இருக்குமா? கருவாட்டை மென்று ஒரு வாய் குடித்ததும் இரண்டிலும் தனித்தனியாக இல்லாத ஓர் இறைச்சிச் சாறு நாக்கில் ஊறியது. மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “இதை அங்கே யாரும் சாப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்” என்றார்.

கருவாட்டின் நெடி ஒயினின் வாசனையை விழுங்கிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: பொரிக்கும் இடமும் குடிக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும். நாங்கள் பொரித்தது சமையலறையில், அமர்ந்தது மொட்டைமாடியில். தட்டுக்கு வந்த பிறகு நெடி மிகக் குறைவு.

பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்தோம். நுரை ஒயினுக்கென்றே விற்கும் கவ்வும் மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும். பாட்டிலின் வாயில் கரண்டியைத் தொங்கவிடும் வழக்கத்தால் எந்தப் பலனும் இல்லை. மறுநாள் நுரை தணிந்திருந்தது, ரொட்டி வாசனை முன்னைவிடத் தெளிவாக இருந்தது. முதல் நாள் குழம்பும் இரவெல்லாம் ஊறி இறுகியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டோம். குழம்புக்கு இந்த இரண்டாம் நாள் ஒயினே மேல் என்பது என் தீர்ப்பு, மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது பாட்டிலைத் தடைக்காலத்தில் திறப்பதாக இருக்கிறோம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆனால் கருவாட்டுக்குத் தடை இல்லை. வஞ்சிரத்தோடு நெத்திலி, சுறா, வாளை என்று நான்கு வகைக் கருவாட்டை அடுத்தடுத்து வைத்து, ஊறவைக்கும் நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் என்பதால் ஐஸ் இரண்டு பை.